உட்கார்ந்தால் காசு

சுற்றுலாவின் கடைசி நாள் வந்தாலே எங்கள் வீட்டில் ஓட்டம்தான். விட்டுப்போன இடத்தையெல்லாம் அரக்கப் பரக்கப் பார்த்து, வழியில் கண்ட கடையில் காந்தப் பொம்மை வாங்கி, ராத்திரி பெட்டி மேல் ஏறி உட்கார்ந்து ஜிப்பை இழுப்பது என்று ஒரு முறை வைத்திருக்கிறோம். இத்தாலியில் அதற்கு மாமா இடமே கொடுக்கவில்லை. முந்தின நாள் ராத்திரியே சொல்லிவிட்டார்: "இனிமே ஒரு சர்ச்சுக்குள்ளயும் என்னைக் கூப்பிடாதீங்க. அண்ணாந்து பாத்துப் பாத்து கழுத்தே போச்சு. நாளைக்கு சாப்பாடு மட்டும்தான்."

மாமா என்றால் என் மாமனார். அரசு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு அலுவலகத்துக்குத்தான், கணக்குக்கு இல்லை. சட்டைப் பையில் ஒரு குட்டி நோட்டும் பேனாவும் எப்போதும் இருக்கும். விமானத்தில் கொடுத்த தண்ணீர் பாட்டில்கூட "இலவசம்" என்று அதில் பதிவாகியிருக்கிறது.

நாங்கள் தங்கியிருந்த ஊர் கமோலி. ஜெனோவாவிலிருந்து கிழக்கே ரயிலில் போனால் முக்கால் மணி நேரத்துக்குள் வந்துவிடும். கடலை ஒட்டி மஞ்சளும் ஆரஞ்சும் காவியுமாக உயரமான வீடுகள். அந்தச் சுவர்களில் பல ஜன்னல்கள் நிஜ ஜன்னல்களே கிடையாது, வரைந்து வைத்தவை. கதவு, கொக்கி, நிழல் எல்லாம் தூரிகை வேலை. இது தெரியாமல் மாமா எதிர்வீட்டு நாலாவது மாடி ஜன்னல் ராத்திரி பகலாகத் திறந்தே கிடக்கிறதே, கொசு வராதா என்று வந்த நாளிலிருந்து கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்ன பிறகும் அவருக்கு முழு நம்பிக்கை வரவில்லை.

காலையில் ஃபொக்காச்சா. கமோலி இருக்கிற லிகூரியா மாகாணத்துக்காரர்களின் காலை உணவே அதுதான். விரலால் குழிகுழியாக அழுத்தி, ஆலிவ் எண்ணெய் விட்டு, கல்லுப்பு தூவிச் சுடுகிற தட்டை ரொட்டி. குழிகளில் எண்ணெய் பளபளவென்று தேங்கி நிற்கும். எடை போட்டுத்தான் விற்கிறார்கள். தராசில் வைத்து, முள்ளைப் பார்த்து, கொஞ்சம் வெட்டிக் குறைத்து, திரும்ப வைத்துக் கொடுத்தார் கடைக்காரம்மா. மாமா முகத்தில் ஒரு பரம திருப்தி. இந்த நாட்டில் அவர் பார்த்த முதல் நேர்மையான வியாபாரம் இதுதானாம்.

அங்கேயிருந்து பக்கத்து காபி பாருக்கு. இத்தாலியில் காபியை நின்றுகொண்டே குடித்தால் ஒரு விலை, மேசையில் உட்கார்ந்தால் வேறு விலை. பல இடங்களில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. விலைப் பட்டியலிலேயே இரண்டும் தனித்தனியாகப் போட்டிருக்கும். முட்டி வலி என்று மூன்று படி ஏறவே யோசிக்கிற மாமா, அந்தப் பட்டியலைப் படித்த நாளிலிருந்து ஒரு காபிக்கும் உட்கார்ந்ததில்லை. கல்லா ஓரமாக முழங்கையை ஊன்றி ஊர்க்காரர் மாதிரியே நிற்பார். பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் ஃபொக்காச்சாத் துண்டைக் கப்புச்சினோவில் முக்கித் தின்பதைப் பார்த்தார். உப்பும் எண்ணெயும் உள்ள ரொட்டியைப் போய்க் காபியில் முக்குவதா என்று நான் முகம் சுளித்தேன். மாமா பேசாமல் முக்கினார், மென்றார், கண்ணை மூடினார். "நல்லாத்தான்மா இருக்கு" என்று இன்னொரு துண்டு கேட்டார். அந்தப் பெரியவரே ஒரு பாடமும் எடுத்தார், எல்லாம் சைகையில்தான்: ஃபொக்காச்சாவைத் தலைகீழாகத் திருப்பி வாயில் வைக்க வேண்டுமாம். அப்போதுதான் உப்பு நேராக நாக்கில் படும். செய்து பாருங்கள், வித்தியாசம் தெரிகிறது.

பத்தரை மணிக்குத் துறைமுகப் பக்கம் நடந்தோம். ஓரிடத்தில் கயிறும் வலையும் குவிந்து கிடந்தன. மாமா குனிந்து தொட்டுப் பார்த்தார். "ஏம்மா, இது தேங்காய் நார்." தென்னை மரமே இல்லாத ஊரில் தேங்காய் நாரா என்று நினைத்தேன். ஆனால் அவர் சொன்னது சரி. கமோலியில் டொன்னாரெல்லா என்று ஒரு மீன்பிடி முறை இருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டிலிருந்து நடக்கிறதாம். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கடலில் ஒரே இடத்தில் வலைகளை அறை அறையாகக் கட்டி வைத்து, கரையோரமாக வரும் மீன்களை உள்ளே வரவழைக்கிறார்கள். அந்த வலை இன்றைக்கும் தேங்காய் நாரில்தான் முடையப்படுகிறது. பருவம் முடிந்து அறுத்து விட்டாலும் கடலுக்குக் கெடுதல் இல்லை, மக்கிப்போகும். மாமா அந்தக் கயிற்றை இரண்டு முறை முறுக்கிப் பார்த்து, "திரி நல்லா இருக்கு" என்று சான்றிதழ் கொடுத்துவிட்டு நகர்ந்தார்.

வழியில் ஒரு சுவரில் ராட்சச வாணலி ஒன்று மாட்டியிருந்தது. மே மாதம் இரண்டாம் ஞாயிறு இங்கே மீன் திருவிழா. 1952-இல் தொடங்கியது. கிட்டத்தட்ட நாலு மீட்டர் விட்டமுள்ள வாணலியில் மீனைப் பொரித்து ஊருக்கே கொடுப்பார்கள். நாங்கள் போனது ஜூனில். "போன மாசமே டிக்கெட் போட்டிருக்கலாம்ல?" என்று மாமா தன் மகனைப் பார்த்த பார்வையில் அந்த எண்ணெய் மறுபடி கொதித்திருக்கும்.

திருவிழா மீன் போனால் போகட்டும் என்று காகிதக் கூம்பில் பொரித்த அச்சூகே வாங்கிக்கொண்டு கடற்கரைக்குப் போனோம். அச்சூகே வேறொன்றுமில்லை, நம் நெத்திலிக் குடும்பம்தான். லேசாக மாவில் புரட்டிப் பொரித்து, மேலே எலுமிச்சை பிழிகிறார்கள். மிளகாய்த் தூள் கிடையாது. "ஒரு சிட்டிகை போட்டா என்ன குறைஞ்சா போயிடும்?" என்று மாமா கேட்டாலும் கூம்பு காலியாகும் வேகத்தில் குறை ஒன்றும் தெரியவில்லை.

என் கணவர் மட்டும் இன்னும் ஒரு மீன்கூடச் சாப்பிடவில்லை. எந்தச் சாப்பாடு வந்தாலும் இவருக்கு முதலில் போட்டோ எடுத்தாக வேண்டும். கூம்பு முன்னால், கடல் பின்னால், தூரத்தில் அந்த வரைந்த ஜன்னல்கள். வெளிச்சம் சரியில்லை என்று கையை நீட்டி, இன்னும் கொஞ்சம் உயர்த்தி, ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் மேலேயிருந்து ஒரு கடற்காகம் இறங்கியது. சத்தமே இல்லை. கூம்போடு போய்விட்டது. பத்தடி தள்ளி ஒரு பாறையில் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டது.

"போட்டோ எடுத்து முடிச்சியாப்பா?" என்றார் மாமா. "அது சாப்பிட்டே முடிச்சிருச்சு."

படம் விழுந்திருக்கிறது. ஒரு இறக்கையும் பாதிக் கட்டை விரலும்.

மதியச் சாப்பாடுதான் அன்றைய பெரிய சம்பவம். உட்கார்ந்து சாப்பிடுகிற கடை. ட்ரோஃபியே என்று சின்னச் சின்னதாகத் திரித்த பாஸ்தா. இந்தக் கரையோர ஊர்களுடையதுதான். அதோடு உருளைக்கிழங்கும் பீன்ஸும் ஒரே பானையில் வெந்து, எல்லாம் சேர்ந்து பெஸ்டோவில் புரண்டு வருகிறது. மாவுச்சத்து உள்ள பாஸ்தாவுக்குள் உருளைக்கிழங்கா என்று கேட்காதீர்கள், நானும் கேட்டேன், தட்டைக் காலி செய்துவிட்டுத்தான் கேட்டேன். கிழங்கு கொஞ்சம் கரைந்து பெஸ்டோவைப் பிடித்து வைக்கிறது. பெஸ்டோவில் இருப்பது துளசிக் குடும்பத்துப் பேசில் இலை, பைன் கொட்டை, பூண்டு, பாலாடைக்கட்டி, கல்லுப்பு, ஆலிவ் எண்ணெய். இந்த ஊரில் சாப்பிட்ட பிறகு, எங்கள் வீட்டுக் குளிர்பெட்டியில் புட்டியில் இருக்கும் கரும்பச்சைப் பொருளை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. மாமா ரொட்டித் துண்டால் தட்டை வழித்து வழித்துத் துடைத்தார். பரிமாறிய அம்மா அதைப் பார்த்து "பிராவோ!" என்றார். கழுவாமலே அடுத்தவருக்குப் போடலாம் போல இருந்தது தட்டு.

அப்புறம் பில் வந்தது.

மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். ட்ரோஃபியே, சரி. தண்ணீர், சரி, அநியாயம், ஆனால் சரி. விரல் ஓரிடத்தில் நின்றது.

"இந்த கோபெர்டோ யாரு சாப்பிட்டது? நாம சொல்லவே இல்லையே."

ஒரு வாரமாக பில்லை எல்லாம் அவர் கண்ணில் படாமல் இவர்தான் மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். கடைசி நாளில் கை தவறிவிட்டது. இனி மறைக்க முடியாது. கோபெர்டோ என்பது சாப்பாடு இல்லை அப்பா, உட்கார்ந்ததற்கு ஆளுக்கு இவ்வளவு என்று போடுவது, மேசை விரிப்பு, முள்கரண்டி, ரொட்டிக் கூடை எல்லாம் அதில் வரும் என்று விளக்கினார்.

"முள்கரண்டியை வீட்டுக்கு எடுத்துட்டுப் போகலாமா?"

"இல்லப்பா."

"அப்ப எதுக்குக் காசு? நின்னுக்கிட்டே சாப்பிட்டா?"

"இங்க நின்னுக்கிட்டு சாப்பிட முடியாதுப்பா."

ஆளுக்கு இரண்டரை யூரோ. மூன்று பேருக்கு ஏழரை. நம் பணத்தில் எழுநூறு ரூபாய்க்கு மேல். நோட்டு வெளியே வந்தது. "உட்கார்ந்த வகையில்: 7.50" என்று எழுதிக் கீழே கோடு போட்டார். மீதமிருந்த மூன்று ரொட்டித் துண்டுகளையும் காகிதக் கைக்குட்டையில் சுற்றிப் பையில் வைத்தார். காசு கொடுத்தாச்சே. தடுக்க எனக்கும் வாய் வரவில்லை.

வெளியே வந்தும் விடவில்லை. போனில் தேடோ தேடு என்று தேடி, ரோம் நகரம் இருக்கிற லாசியோ மாகாணத்தில் 2006-இலேயே சட்டம் போட்டு கோபெர்டோவை நிறுத்திவிட்டார்கள் என்பதைக் கண்டுபிடித்தார். "பாத்தியா? விவரமான ஊர். நாம ரோம்லயே இருந்திருக்கணும்." அங்கே பல கடைகளில் அதற்குப் பதிலாக ரொட்டிக்கென்று தனியாகப் போடுகிறார்கள் என்பதை நானும் இவரும் சொல்லவில்லை. மனுஷர் கொஞ்ச நேரம் நிம்மதியாக இருக்கட்டும்.

மூன்று மணியிலிருந்து இத்தாலியில் அடுப்பு தூங்கும். சமையலறையைச் சாத்தினால் ஏழு, ஏழரைக்கு முன்னால் யார் கெஞ்சினாலும் திறக்க மாட்டார்கள். நாங்களும் தூங்கினோம்.

எழுந்து ஆளுக்கொரு ஜெலட்டோ. எனக்கு பிஸ்தா. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, கரைவதற்குள் முடிந்துவிட்டது. அப்புறம் பேக்கரியில் இந்த ஊரின் சொந்தப் பலகாரம், கமோலியேஸி. சின்ன உருண்டை, மேலே சாக்லேட் பூச்சு, கடித்தால் உள்ளே ரம் கலந்த கிரீம். மாமா வாழ்நாளில் மது தொட்டவர் இல்லை. அவர் ஒன்றை முடித்து இரண்டாவதை எடுத்தபோது இவர் என் கையைக் கிள்ளினார். நீ சொல் என்று இவர் கண் காட்ட, நீங்கள்தானே மகன் என்று நான் காட்ட, மூன்றாவதும் உள்ளே போய்விட்டது. கடைசியில் இவரே இழுத்து இழுத்து ஆரம்பித்தார்: "அப்பா, இதுல வந்து..."

"ரம்மு. அட்டையிலேயே எழுதியிருக்கே. எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு நெனச்சியா?" என்று விரலை நக்கிவிட்டு, "உங்கம்மாகிட்ட மட்டும் சொல்ல வேணாம்" என்றார். அத்தை ஊரில், முட்டி ஆபரேஷன் முடிந்து ஓய்வில் இருக்கிறார். அவர் இதையெல்லாம் படிப்பதில்லை என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

ஆறரை மணிக்குக் கடலோரம் ஒரு கடையில் உட்கார்ந்தோம். உட்கார்ந்தோம் என்றால் மாமாவும்தான். இந்த நேரத்தில் ஒரு பானம் சொன்னால் கொறிக்கிறதுக்குத் தட்டு தானாக வரும் என்று சொல்லித்தான் நாற்காலியில் அமர்த்த முடிந்தது. நாங்கள் ஒயினும் சோடாவும் கலந்த ஸ்ப்ரிட்ஸ் சொன்னோம். மாமாவுக்கு கினோட்டோ. இதே லிகூரியாவின் சவோனா பக்கம் பெயர் போன ஒரு கசப்பு ஆரஞ்சில் செய்கிற கறுப்பு நிறக் குளிர்பானம். முதல் மடக்கில் முகம் கோணியது, மூன்றாவதில் பழகிவிட்டது. தட்டு வந்தது. ஆலிவ், உருளைக்கிழங்கு வறுவல், வேர்க்கடலை, சதுரம் சதுரமாக ஃபொக்காச்சா.

"இதுக்குக் காசு இல்லையா?"

"இல்ல மாமா."

"நிச்சயமா?"

நோட்டு திறந்தது. ஆலிவுக்கு இவ்வளவு, கடலைக்கு இவ்வளவு என்று மதிப்புப் போட்டார். காலையில் வாங்கிய ஃபொக்காச்சாவின் எடையும் விலையும் கைவசம் இருந்ததால் அதில் தகராறே இல்லை. தட்டு காலியானதும் பரிமாறுகிற பையனைப் பார்த்துக் கண்ணால் காட்டினார், அவனும் சிரித்துக்கொண்டே இன்னொன்று வைத்தான். இரண்டாவது தட்டு முடிவில் ஏழரையில் ஐந்தே கால் யூரோ வசூல். பாக்கி இரண்டே கால். மூன்றாவது தட்டுக்கு வயிறு இடம் கொடுக்கவில்லை. அவருக்கு அதில் வருத்தம்தான்.

இதற்கு மேல் இரவுச் சாப்பாடு யாருக்கு வேண்டும்? ஆனால் இவர் எட்டு மணிக்கு சந்துக்குள் ஒரு கடையில் மேசை சொல்லி வைத்திருந்தார். சொல்லிவிட்டுப் போகாமல் இருப்பது மரியாதை இல்லை என்று கிளம்பினோம். "நீங்க சாப்பிடுங்க, எனக்குத் தொண்டை வரைக்கும் இருக்கு. நான் சும்மா கூட உக்காந்திருக்கேன்" என்று வயிற்றைத் தடவிக்கொண்டே வந்தார் மாமா.

வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் மெனு மாட்டியிருந்தது. மாமா நேராகக் கடைசி வரிக்குப் போனார். அங்கேதான் பொடி எழுத்தில் போடுவார்கள் என்பது இப்போது அவருக்குத் தெரியும்.

"இங்க மூணு யூரோ."

"ஆமாப்பா. நீங்க வேணா ரூமுக்குப் போய்..."

"இரு. சாப்பிடலைன்னாலும் மூணா?"

"உக்காந்தா மூணுதான்."

மாமா ஒரு நிமிஷம் யோசித்தார். பெல்ட்டை ஒரு துளை தளர்த்தினார்.

"காசு குடுத்து சும்மா உக்கார நான் என்ன பைத்தியமா? வாங்க உள்ள."

பன்சோத்தி சொன்னார். கீரை வைத்து மடித்த பாஸ்தா, மேலே வால்நட் அரைத்த வெள்ளைச் சாறு. ஒன்று விடாமல் முடித்து, ரொட்டிக் கூடையையும் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். அப்புறம் என் தட்டை எட்டிப் பார்த்தார். பாதிக்கு மேல் இருந்தது.

"உனக்கும் மூணு யூரோ போட்டிருக்கான்மா. மிச்சம் வைக்காத."