பதிவெண் கிடைத்த பிறகுதான் சிரமம் தொடங்கியது

கோயம்புத்தூரில் பி.எஸ்சி. நர்சிங் முடித்த என் அக்கா மகளுக்குப் பாலக்காட்டில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை கிடைத்தது. தமிழ்நாட்டில் பதிந்திருந்தாலும் கேரளத்தில் பணிபுரிய இங்குள்ள செவிலியர் கவுன்சிலிலும் பதிய வேண்டும். மதிப்பெண் பட்டியலில் தலைப்பெழுத்தும் ஆதாரில் தந்தையின் முழுப்பெயரும் இருந்ததைக் கவனிக்காமல் திருவனந்தபுரம் வரை சென்று வெறுங்கையுடன் திரும்பினோம். பின்னர் கொழிஞ்சாம்பாறையில் அக்ஷயா என்ற அரசு இணையச் சேவை மையம் வழியாக விண்ணப்பித்து, இரு பெயரும் ஒருவருடையதே என்று வில்லேஜ் ஆபீசில் சான்றிதழ் வாங்கினோம். வெளிமாநிலத்தில் படித்தவர்கள் புறப்படும் முன்பே இதை வாங்கிவிடுங்கள்.

அந்த அலைச்சலைப் பொறுத்துக்கொள்ளலாம். வேலையில் சேர்ந்த பத்தாம் நாளே, அவளைப் போன்ற இன்னொரு புதியவளுடன் அவளை இரவுப் பணியில் விட்டதைத்தான் என்னால் இன்றும் பொறுக்க முடியவில்லை. நள்ளிரவில் எனக்கு அழைப்பு வந்தது. "சித்தி, இன்சுலின் குப்பியில் மில்லிக்கு 100 யூனிட் என்றிருக்கிறது. வார்டில் சிவப்பு மூடி சிரிஞ்ச்தான் இருக்கிறது. பத்தாவது கோடு வரை எடுக்கலாமா?" சிவப்பு மூடி, மில்லிக்கு 40 யூனிட் உள்ள மருந்துக்கானது, அதில் பத்தாவது கோடு வரை இந்த மருந்தை எடுத்தால் நோயாளிக்குள் 10 யூனிட்டுக்குப் பதில் 25 யூனிட் போய், சர்க்கரை அபாயகரமாக இறங்கிவிடும். போடாதே, தீவிரச் சிகிச்சைப் பிரிவில் ஆரஞ்சு மூடி சிரிஞ்ச் கேள் என்றேன். அவளுக்குக் கேட்கத் தோன்றியதால் ஓர் உயிர் தப்பியது. பத்தொன்பது ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருக்கும் எனக்கு அன்றிரவு உறக்கமே வரவில்லை.

மறுநாள் அங்குள்ள செவிலியர் கண்காணிப்பாளரிடம் நேரில் பேசினேன். எல்லோரும் இப்படித்தான் கற்றுக்கொண்டார்கள் என்றார். ஆறு வாரம் ஒரே மூத்த செவிலியரின் ஷிப்டிலேயே அவளைப் போட வேண்டும், இன்சுலினையும் பொட்டாசியம் குளோரைடையும் இருவர் சரிபார்த்த பிறகே கொடுக்க வேண்டும், அதுவரை இரவுப் பணி கூடாது என்று எழுதிக்கொடுத்தோம். நான்கு வாரத்திற்குச் சம்மதித்தார்கள். வாய்த்த மூத்த செவிலியர் தங்கமானவர். தவறு நேர்ந்தால் திட்டாமல், முதலில் தன்னிடம் சொல்லும்படி பழக்கினார்.

பிள்ளைகளை வேலைக்கு அனுப்புவோர், முதல் மாதம் யாருடன் பணி, தனியாக இரவுப் பணி எப்போது என்பதைச் சேரும் முன்பே எழுத்தில் கேளுங்கள். மூலச் சான்றிதழ்களைக் கொடுத்துவிடாதீர்கள், நகல் போதும்.

இப்போது அந்த வார்டில் ஆரஞ்சு மூடி சிரிஞ்சுகளுக்குத் தனிப் பெட்டி இருக்கிறது. '100 யூனிட் குப்பிக்கு மட்டும்' என்று அதன்மேல் எழுதி ஒட்டியவள் அவள்தான்.