ஜவ்வு ஆபரேஷனுக்குப் பிறகு பத்து மாதம்

பிப்ரவரி மாதம், கல்லூரி அணியின் பயிற்சி ஆட்டம். ரெய்டு போய் போனஸ் கோட்டைத் தொட்டுவிட்டு நடுக்கோட்டை நோக்கித் திரும்பினேன். இடது கால் ஊன்றிய இடத்திலேயே நின்றது, உடம்பு மட்டும் திரும்பியது. யாரும் என்னைத் தொடவில்லை. முட்டிக்குள் 'டப்' என்று ஒரு சத்தம். எனக்கு மட்டும்தான் கேட்டது என்று நினைத்தேன், கார்னரில் நின்றவளுக்கும் கேட்டதாம். ராத்திரி சாப்பிட உட்காருவதற்குள் முட்டி இளநீர்க்காய் மாதிரி வீங்கிவிட்டது.

மறுநாள் ஊரில் கட்டு போடுபவரிடம் அழைத்துப் போனார்கள். எண்ணெய் தடவி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். மூன்று வாரத்தில் வீக்கம் வடிந்தது. நடந்தேன், மாடிப்படி ஏறினேன், மைதானத்தைச் சுற்றி ஓடக்கூட முடிந்தது. எல்லோருக்கும் நிம்மதி. ஏப்ரலில் மறுபடி ஆடப் போனேன். பக்கவாட்டில் ஒரே ஒரு அடி எடுத்து வைத்தேன். தொடை ஒரு பக்கமும் கெண்டைக்கால் ஒரு பக்கமும் போவது போல முட்டி நழுவியது.

இதை எழுதுவதற்கு முதல் காரணமே அந்த ஏப்ரல்தான். முட்டிக்குள் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிணைக்கும் ஏ.சி.எல். என்கிற ஜவ்வுதான் எனக்கு அறுந்திருந்தது. நேராக ஓடுவதற்கு அது பெரிதாகத் தேவைப்படாது. சட்டென்று நிற்க, திரும்ப, ஒற்றைக் காலில் குதித்து இறங்கத்தான் அது வேண்டும். கபடியில் இது மூன்றும் இல்லாமல் எந்த ரெய்டும் இல்லை. 'ஓட முடிகிறதே' என்று நம்பி இறங்கியது தப்பு. அடிபட்ட அன்று ராத்திரிக்குள்ளேயே முட்டி வீங்கினால் உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறது என்று பெரும்பாலும் அர்த்தம். அது அன்று எங்கள் அணியில் யாருக்கும் தெரியாது.

எலும்பு டாக்டர் ஸ்கேனுக்கு முன்னாலேயே கண்டுபிடித்துவிட்டார். என்னைப் படுக்க வைத்து, முட்டியை லேசாக மடக்கி, ஒரு கையால் தொடையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கெண்டைக்காலை முன்பக்கமாக இழுத்தார். வலது காலில் சட்டென்று நின்றது. இடது காலில் நிற்காமல் வழுக்கிக்கொண்டு வந்தது. பக்கத்தில் நின்ற அப்பாவுக்கே அந்த வித்தியாசம் தெரிந்தது. எம்.ஆர்.ஐ. பார்த்தபோது ஏ.சி.எல். முழுக்க அறுந்திருந்தது, கூடவே மெனிஸ்கஸ் என்கிற, முட்டி எலும்புகளுக்கு நடுவில் மெத்தை போல இருக்கும் குருத்தெலும்பின் ஓரமும் கிழிந்திருந்தது. இரண்டாவது தடவை நழுவியதில் அது கிழிந்திருக்கலாம் என்றார்.

அப்பா கேட்ட முதல் கேள்வி, 'ஆபரேஷன் பண்ணித்தான் ஆகணுமா?' டாக்டர் நேர்மையாகப் பதில் சொன்னார். எல்லோருக்கும் தேவையில்லை. ஸ்வீடனில் ஏ.சி.எல். அறுந்த 121 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு உடனே ஆபரேஷன், மறு பாதிக்கு உடற்பயிற்சி சிகிச்சை, அதற்குப் பிறகும் தேவைப்பட்டால் ஆபரேஷன் என்று செய்து பார்த்தார்கள். 2010இல் வந்த முடிவு: இரண்டு வருடம் கழித்து இரு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே நிலை. இரண்டாவது பாதியில் 59 பேர் இருந்தார்கள், 23 பேர்தான் பிறகு ஆபரேஷனுக்குப் போனார்கள். ஆனால் அதில் தொழில்முறை வீரர்களைச் சேர்க்கவில்லை. எனக்கு முட்டி ஏற்கெனவே நழுவியிருக்கிறது, மெனிஸ்கஸையும் தைக்க வேண்டும், திரும்பித் திரும்பி ஆடும் விளையாட்டை விட மனசில்லை. இந்த மூன்றையும் வைத்து ஆபரேஷன் என்று முடிவானது. அம்மாவின் நகை அடகுக்குப் போனது. ஜூன் நடுவில், என் தொடையின் பின்பக்கத்திலிருந்தே தசைநாணை எடுத்து, அறுந்த ஜவ்வு இருந்த இடத்தில் பொருத்தினார்கள்.

வலிக்குத் தயாராகத்தான் போயிருந்தேன். தொடை என் பேச்சைக் கேட்காமல் போகும் என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. மூன்றாம் நாள் பிசியோ அக்கா முட்டிக்குக் கீழே ஒரு துண்டைச் சுருட்டி வைத்து, 'துண்டை நசுக்குடா' என்றார். நசுக்கினேன். எதுவும் நடக்கவில்லை. முகத்தில் வியர்த்தது, பல்லைக் கடித்தேன், தொடையின் முன்பக்கத் தசை செத்தது போலக் கிடந்தது. முட்டி வீங்கியிருந்தால் மூளையிலிருந்து அந்தத் தசைக்குப் போகும் கட்டளை பாதியிலேயே தடைப்படுமாம். என் கையை எடுத்து அந்தத் தசை மேல் வைத்துவிட்டு, 'பார்த்துக்கிட்டே செய்' என்றார். ஐந்தாம் நாள் காலையில் விரலுக்கடியில் மீன் துள்ளியது போல ஒரு துடிப்பு. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அடுத்த மாதங்களில் சொல்வதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. முட்டியை முழுக்க நீட்டுவது, சைக்கிள், உட்கார்ந்து எழுவது, ஒற்றைக் காலில் நிற்பது. நான்காம் மாதம் கடந்து மெதுவான ஓட்டம். அப்புறம் பொங்கல் வந்தது.

எங்கள் பக்கம் பொங்கலுக்கு ஊர் ஊராகக் கபடி நடக்கும். ஆபரேஷன் முடிந்து ஏழு மாதம். வலி துளியும் இல்லை. 'நடக்குற, ஓடுற, இன்னும் என்னம்மா?' என்று பயிற்சியாளர் கேட்டார். அவர் கெட்டவர் இல்லை, அணியில் ஆள் குறைவு. எனக்கும் உள்ளே அதே கேள்விதான். பிசியோ அக்கா மட்டும், 'டெஸ்ட் பண்ணிட்டு முடிவு பண்ணலாம், மதுரைக்குப் போய்ட்டு வா' என்றார்.

அங்கே உயரமான கட்டிலில் உட்கார வைத்து, கணுக்காலுக்கு மேல் பட்டையைக் கட்டி, விசையை அளக்கும் சின்னக் கருவியை மாட்டினார்கள். முழு பலத்தோடு காலை நீட்ட வேண்டும். ஒவ்வொரு காலுக்கும் மூன்று தடவை. பிறகு தரையில் டேப் ஒட்டி ஒற்றைக் காலில் தாண்டும் சோதனைகள்: ஒரே தாவல், தொடர்ந்து மூன்று தாவல், கோட்டைக் குறுக்கே மாறி மாறித் தாவுவது, ஆறு மீட்டரை எவ்வளவு சீக்கிரம் தாவிக் கடக்கிறோம் என்பது. தாவுவதில் இடது கால் வலது காலின் 88 சதவீதம் வந்தது. சந்தோஷப்பட்டேன். தொடை வலு 74 சதவீதம். இரண்டிலும் 90 வேண்டும்.

தாவல் நன்றாக இருந்தும் வலு இல்லையே, எப்படி? வீடியோவில் தெரிந்தது. முட்டி செய்ய வேண்டிய வேலையை இடுப்பும் கணுக்காலும் செய்துகொண்டிருந்தன, இறங்கும்போது முட்டி உள்பக்கம் சாய்ந்தது. ஏழு மாதத்தில் நல்ல காலும் இளைத்திருக்கும், அதனால் அதோடு ஒப்பிட்டு வரும் 74கூடக் கொஞ்சம் தாராளமான கணக்குதான் என்று சோதித்தவர் சொன்னார். பஸ்ஸில் திண்டுக்கல் வரும் வரை அழுதேன்.

மறுநாள் பிசியோ அக்கா ஒரு ஆய்வைத் தமிழில் விளக்கினார். நார்வேயிலும் அமெரிக்காவின் டெலவரிலும் ஏ.சி.எல். ஆபரேஷன் செய்துகொண்ட 106 பேரை இரண்டு வருடம் கவனித்திருக்கிறார்கள், 2016இல் வெளியானது. இந்த மாதிரிச் சோதனைகளில் தேறாமல் ஆடப் போனவர்களில் 38.2 சதவீதம் பேருக்கு மறுபடி முட்டியில் அடி. தேறிப் போனவர்களில் 5.6 சதவீதம். ஒன்பதாம் மாதம் வரை தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாய விகிதம் 51 சதவீதம் குறைந்தது. தேறியவர்கள் கொஞ்சப் பேர்தான், அந்த எண்களைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ளாதே என்று அவரே சொன்னார். ஆனால் திசை தெளிவாக இருந்தது.

என்னைத் தடுத்து நிறுத்தியது இன்னொரு விஷயம். உள்ளே பொருத்திய நாண் முதல் சில மாதங்களில் பலம் இழக்குமாம். பிறகுதான் புது ரத்தக் குழாய்கள் வளர்ந்து, மெதுவாக ஜவ்வாக மாறும். அது நடக்கிறதா இல்லையா என்று வலி நமக்குச் சொல்லாது. வலி இல்லை என்பதை வைத்துத்தான் ஏப்ரலில் ஒரு தடவை ஏமாந்தேன்.

பொங்கலுக்கு ஆடவில்லை. ஸ்கோர் எழுதினேன்.

அதற்கப்புறம் மூன்று மாதம் உண்மையிலேயே எடை தூக்கினேன். அதுவரை செய்தது பயிற்சியே இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. ஊரில் இருந்த ஒரே ஜிம்மில் எல்லோரும் ஆண்கள். அம்மா தினமும் கூடவே வந்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். வீட்டு முற்றத்தில் டேப் ஒட்டித் தாவி இறங்குவேன், தம்பி செல்போனில் எடுப்பான். முட்டி உள்ளே சாய்ந்தால் அந்தத் தாவல் கணக்கில் கிடையாது.

பயம் தனிக் கதை. ஆஸ்திரேலியாவில் உருவாக்கிய 12 கேள்விகள் இருக்கின்றன, 2008 முதல் பயன்பாட்டில் உள்ளவை. மறுபடி அடிபடுமோ என்று பயமா, முட்டியை நினைக்காமல் ஆட முடியுமா என்ற மாதிரிக் கேள்விகள். அக்கா தமிழில் கேட்கக் கேட்க நான் மதிப்பெண் சொன்னேன். மதிப்பெண் கூடினால் பயம் குறைவு என்று அர்த்தம். ஏழாம் மாதம் நூற்றுக்கு 48. ஏ.சி.எல். ஆபரேஷன் செய்தவர்களில் போட்டி விளையாட்டுக்குத் திரும்புபவர்கள் 55 சதவீதம்தான் என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2014 தொகுப்பு ஒன்று சொல்கிறதாம். அதைக் கேட்டபோது எனக்குப் பாரம் குறைந்தது. அதுவரை என் பயத்தைக் கோழைத்தனம் என்றே நினைத்திருந்தேன். அதுவும் பயிற்சி கொடுத்துச் சரி செய்ய வேண்டிய ஒன்று என்று எடுத்துக்கொண்ட பிறகுதான், முதலில் தனியாக ரெய்டு அசைவு, பிறகு தொடாமல் எதிரணி, பிறகு ஒருத்தி மட்டும் பிடிப்பது, கடைசியில் முழுச் சங்கிலி என்று படிப்படியாகப் போனோம்.

பத்தாம் மாதம் வலு 93, தாவல் 96, பயக் கேள்விகளில் 81. மே மாதம் முதல் ஆட்டம். முதல் ரெய்டில் புள்ளி எடுக்கவில்லை. ஆனால் அதே இடது காலை ஊன்றித் திரும்பினேன்.

இப்போது பள்ளிப் பிள்ளைகள் பயிற்சிக்கு வரும்போது முதல் இருபது நிமிடம் என் பொறுப்பு. கால்பந்துக்காக உருவான வார்ம்-அப் அது. நார்வேயில் 13 முதல் 17 வயதுப் பெண்கள் 1,800க்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்து 2008இல் வெளியிட்டார்கள். மொத்தக் காயங்கள் மூன்றில் ஒரு பங்கு, கடுமையானவை கிட்டத்தட்டப் பாதி குறைந்தன. கபடிக்கு இப்படி ஒரு பெரிய ஆய்வு வர வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன். பெண்களுக்கு ஏ.சி.எல். அறுவது ஆண்களைவிட அதிகம் என்று தெரிந்தும் எத்தனை மைதானங்களில் இதைச் சொல்லித் தருகிறார்கள்? அதுவரை இருப்பதைச் செய்கிறோம். முட்டி போட்டு நின்று, தோழி கணுக்காலைப் பிடித்துக்கொள்ள, மெதுவாக முன்னால் சாய்வதுதான் பிள்ளைகளுக்குப் பிடிக்காத பகுதி. அதை நான் விடுவதில்லை.

போன மாதம் பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி முட்டியைப் பிடித்துக்கொண்டு விழுந்தாள். ராத்திரி அவள் அம்மாவுக்கு போன் போட்டு வீக்கம் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது, காலையில் கட்டு போடக் கூட்டிப் போகிறோம் என்றார். 'வேண்டாம் அத்தை, நானும் வரேன், முதல்ல டாக்டர்கிட்ட காட்டிரலாம்' என்றேன். மறுநாள் டாக்டர் அவளுடைய கெண்டைக்காலை முன்பக்கமாக இழுத்தபோது நான் கட்டிலை ஒட்டி நின்றிருந்தேன். சட்டென்று நின்றது.