நொடிக்கு 86 தட்டல்: மாணவர் விருதுக்கு எங்கள் ப்ராஜெக்டை அனுப்பிய அனுபவம்

ப்ராஜெக்ட் வைவா (வாய்மொழித் தேர்வு) முடிந்த மறுநாள் எங்கள் கைடு மேடம் எங்கள் மூன்று பேரையும் அழைத்தார். இளநிலை அறிவியல், பொறியியல் மாணவர்களுக்கான விருது ஒன்றின் அறிவிப்பைக் காட்டி, "இதுக்குப் போடுங்க, இன்னும் 26 நாள் இருக்கு" என்றார். ரிப்போர்ட்தான் தயாராக இருக்கிறதே, அப்படியே ஏற்றிவிடலாம் என்று நினைத்தோம். கடைசியில் அந்த 26 நாளில் ஏறக்குறைய முழுதும் அதற்கே போனது. இந்த வருடம் விண்ணப்பிக்கப் போகிற ஜூனியர்கள் சிலர் கேட்டதால், நடந்ததை எழுதி வைக்கிறேன்.

முதலில் ப்ராஜெக்ட் என்ன என்று சொல்லிவிடுகிறேன். மோட்டாரின் சுழலும் அச்சைத் தாங்கும் பேரிங் (இரண்டு வளையங்களுக்கு நடுவே குண்டுகள் உருளும் பாகம்) கெட்டுப்போக ஆரம்பித்தால் அதன் அதிர்வு மாறும். அந்த மாற்றத்தை விலை குறைந்த சென்சார் ஒன்றைக் கொண்டு கண்டுபிடிக்க முடியுமா என்பதுதான் எங்கள் கேள்வி. 6205 என்ற வகை பேரிங் 12 வாங்கினோம். நான்கை நல்லபடியே வைத்துக்கொண்டோம். நான்கில் வெளி வளையத்திலும், நான்கில் உள் வளையத்திலும் கீறல் போட்டோம். ஒவ்வொன்றையும் மோட்டாரில் மாட்டி, அதிர்வைப் பதிவு செய்து, எது எந்த வகை என்று கணினியே சொல்லும்படி ஒரு நிரலுக்குப் பயிற்சி கொடுத்தோம். துல்லியம் 99 சதவீதம் வந்தது. வைவாவில் எல்லோரும் பாராட்டியதும் அந்த எண்ணைப் பார்த்துத்தான்.

தகுதி விதிகள் அரை மணி நேர வேலை. எந்த ஆண்டு மாணவர்கள், குழுவில் எத்தனை பேர், வேறு எங்காவது பரிசு வாங்கிய வேலையா, அவ்வளவுதான். ஒரு கட்டத்தில் மட்டும் மேடம் எங்களை நிறுத்தினார். சுருக்கத்தைப் பொதுவில் வெளியிடச் சம்மதமா என்று கேட்டிருந்தார்கள். காப்புரிமை வாங்கும் எண்ணம் இருந்தால் அதற்கு முதலில் விண்ணப்பித்துவிட்டுத்தான் இதில் டிக் போட வேண்டும் என்றார். அமெரிக்காவில் நாமே வெளியிட்டிருந்தால் ஒரு வருடம் அவகாசம் உண்டு. ஐரோப்பாவில் முன்னதாகவே வெளியே சொல்லிவிட்டால் புதுமை போயிற்று என்றே கணக்கு. எங்களிடம் காப்புரிமை பெறும் அளவுக்கு எதுவும் இல்லாததால் டிக் போட்டோம். உங்களிடம் புதிய கருவி ஏதாவது இருந்தால் அந்த இடத்தில் நின்று யோசியுங்கள்.

அதிக நேரத்தை விழுங்கியது 250 சொல் சுருக்கம். நான் எழுதிய முதல் வரைவு "இன்றைய தொழில் உலகில் இயந்திரங்கள் முக்கியப் பங்கு வகிக்கின்றன" என்று தொடங்கியது. மேடம் அந்த வரியையும் அடுத்த நான்கு வரிகளையும் பேனாவால் அடித்துவிட்டு, "நடுவர் குழுவில் ஒரு வேதியியல்காரர் இருப்பார், ஒரு உயிரியல்காரர் இருப்பார். அவங்க ரெண்டாவது வரியில உங்க கேள்வி என்னன்னு புரிஞ்சுக்கணும்" என்றார். ஏழு முறை மாற்றி எழுதிய பிறகு தொடக்கம் இப்படி வந்தது: "நிமிடத்துக்கு 1440 சுற்று ஓடும் மோட்டாரில், பேரிங்கின் வெளி வளையத்தில் ஒரு கீறல் விழுந்தால், அதன் மேல் குண்டுகள் நொடிக்கு 86 முறை ஏறி இறங்கும். அந்தத் தட்டலை ஒரு மலிவான சென்சாரால் கேட்க முடியுமா?"

86 எப்படி வந்தது என்பதை ஒரே வரியில் விளக்கவும் பழகினோம். அச்சு நொடிக்கு 24 சுற்று சுற்றுகிறது. உள்ளே இருக்கும் ஒன்பது குண்டுகளும் அச்சின் வேகத்தில் ஏறக்குறைய 0.4 பங்கு வேகத்தில்தான் வலம் வரும். இரண்டையும் ஒன்பதோடு பெருக்கினால் 86 பக்கத்தில் வரும். உள் வளையத்தில் கீறல் என்றால் அது 130. துறைக்கு வெளியே இருக்கும் என் தங்கையிடம் சொல்லிப் பார்த்தேன். அவளுக்குப் புரிந்த பிறகுதான் அந்தப் பத்தியைத் தொடாமல் விட்டேன்.

அடுத்தது, ஒவ்வொருவரும் என்ன செய்தோம் என்று தனித்தனியாக 100 சொல். குழுவில் இருந்த மெக்கானிக்கல் நண்பன், "நான் பேரிங்கை வெட்டினேன், அவ்வளவுதானே" என்று இரண்டு வரி எழுதிக் கொடுத்தான். சரி, எப்படி வெட்டினாய் என்று உட்கார வைத்துக் கேட்டோம். பேரிங் எஃகு மிகக் கடினம், சாதாரண டிரில் அதில் ஏறாது. மின்பொறியால் உலோகத்தை அரித்தெடுக்கும் இயந்திரத்தில் அரை மில்லிமீட்டர் அகலப் பள்ளம் போட்டிருந்தான். உள் வளையத்தைத் தொட வேண்டுமென்றால் பேரிங்கைப் பிரித்தாக வேண்டும். குண்டுகளை இடைவெளி விட்டுப் பிடித்து வைக்கும் கூடு தகடாக இருக்கும் பேரிங்கில் ரிவெட்டை உடைத்தால் திரும்பச் சேர்ப்பது கஷ்டம். அதனால் பிளாஸ்டிக் கூடு உள்ளவையாகப் பார்த்து வாங்கியிருந்தான். கூட்டை மெல்ல நெம்பி எடுத்து, குண்டுகளை ஒரு பக்கமாக ஒதுக்கினால் உள் வளையம் கையோடு வந்துவிடும்.

அதோடு, கீறல் போடாத நான்கு பேரிங்கையும் அதே போலப் பிரித்துத் திரும்பச் சேர்த்திருந்தான். ஏன் என்று கேட்டேன். "இல்லேன்னா உன் நிரல் கீறலைக் கண்டுபிடிக்குதா, பிரிச்சு மாட்டினதைக் கண்டுபிடிக்குதான்னு எப்படித் தெரியும்?" என்றான். எட்டு மாதம் சேர்ந்து வேலை செய்திருக்கிறோம், இது எனக்குத் தெரியாது. எங்கள் கல்லூரி ரிப்போர்ட்டிலும் இல்லை. விண்ணப்பத்தின் மிக வலுவான பத்தி அவனுடைய அந்த 100 சொல்தான் என்று இன்றும் நினைக்கிறேன்.

கடைசித் தேதிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது இந்தக் கேள்விக்கு வந்தோம்: "உங்கள் முடிவு நீங்கள் சோதிக்காத பொருளுக்கும் பொருந்தும் என்பதற்கு என்ன ஆதாரம்?" நிரல் என் பொறுப்பு. 99 சதவீதம் என்று எழுத ஆரம்பித்து, பாதியில் கை நின்றுவிட்டது. ஒவ்வொரு பேரிங்கிலும் ஒரு நிமிடம் பதிவு செய்து, அதை அரை நொடித் துண்டுகளாக வெட்டி, எல்லாவற்றையும் கலைத்துப் போட்டு, 80 சதவீதத்தில் பயிற்சியும் 20 சதவீதத்தில் சோதனையும் செய்திருந்தேன். அப்படியென்றால் ஒரே பேரிங்கின் துண்டுகள் இரண்டு பக்கமும் இருக்கின்றன. நிரல் கீறலைக் கற்றுக்கொள்ளத் தேவையே இல்லை, இது மூன்றாம் நம்பர் பேரிங் என்று அடையாளம் கண்டாலே போதும். கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகம் பொதுவில் வைத்திருக்கும் பேரிங் தரவை வைத்து வந்த பல கட்டுரைகளில் இப்படித்தான் பிரித்திருந்தார்கள். நானும் யோசிக்காமல் பின்பற்றியிருந்தேன்.

அன்று இரவே மாற்றி ஓட்டினேன். வகைக்கு ஒன்று வீதம் மூன்று பேரிங்கைப் பயிற்சியில் காட்டாமல் ஒளித்து வைத்து, அவற்றில் மட்டும் சோதனை. நான்கு சுற்று முடிந்து சராசரி பார்த்தால் 73 சதவீதம். குத்துமதிப்பாகச் சொன்னாலே 33 வரும் கேள்வி இது, அந்த வகையில் 73 மோசமில்லை. ஆனால் 99 என்று அதுவரை நம்பியிருந்த எனக்கு அன்று தூக்கம் வரவில்லை.

மறுநாள் மூன்று பேருக்கும் நீண்ட வாக்குவாதம். கல்லூரி ரிப்போர்ட்டில் 99 என்று கையெழுத்தாகிவிட்டது, அதையே விட்டுவிடலாம் என்றது ஒரு தரப்பு. மேடத்திடம் போனோம். அவர் எண்களைப் பார்த்தார், எப்படிப் பிரித்தாய் என்று இரண்டு முறை கேட்டார், அப்புறம் "ரெண்டையும் போடுங்க. ஏன் வித்தியாசம்னு அரைப் பக்கம் எழுதுங்க" என்றார். கல்லூரி ரிப்போர்ட்டுக்கும் ஒரு திருத்தக் குறிப்பு சேர்க்கச் சொன்னார்.

எதிர்கொண்ட சிரமங்கள் என்ற பகுதியையும் அதே மனநிலையில் எழுதினோம். முதல் இரண்டு மாதப் பதிவுகளை நாங்கள் தூக்கிப் போட வேண்டி வந்தது. நாங்கள் பயன்படுத்திய ஏடிஎக்ஸ்எல்345 என்ற அதிர்வு சென்சார் நொடிக்கு 3200 முறை அளக்கும். ஆனால் நாங்கள் அதை ஐ2சி என்ற இணைப்பு முறையில் சேர்த்திருந்தோம். அந்த இணைப்பு 800 வரைக்கும்தான் தாங்கும், தரவுத்தாளிலேயே போட்டிருக்கிறது. அதைவிட வேகமான எஸ்பிஐ இணைப்புக்கு மாறிய பிறகுதான் 86 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 86 முறை) ஒரு கோடு திரையில் நிமிர்ந்து நின்றது.

எழுத்து வேலை முடிந்து, பெயர் நீக்கும் வேலை. நடுவர்களுக்கு நாங்கள் யார், எந்தக் கல்லூரி என்று தெரியக் கூடாது. நன்றியுரைப் பக்கத்தை எடுத்துவிட்டு முடிந்தது என்று நினைத்தோம். ஆனால் சோதனை மேடைப் படத்தில் நண்பனின் லேப் கோட்டில் கல்லூரிப் பெயர் தைத்திருந்தது. கோப்பின் பெயரில் எங்கள் பதிவெண்கள் இருந்தன. பிடிஎஃப்பின் பண்புகளைத் திறந்தால் ஆசிரியர் என்ற இடத்தில் என் பெயர். ஒரு மாலை முழுக்க இதற்கே போனது. கெடு நேரம் யுடிசி (உலகப் பொது நேரம்) கணக்கில் கொடுக்கப்பட்டிருந்ததைக் கவனித்து, ஒரு நாள் முன்பே ஏற்றிவிட்டோம்.

ஏழு வாரம் கழித்து இறுதிச் சுற்றுக்கு அழைப்பு வந்தது. பத்து நிமிடம் பேச்சு, ஐந்து நிமிடம் கேள்வி. நான் கூடவே கீறல் போட்ட பேரிங் ஒன்றை எடுத்துப் போயிருந்தேன். நடுவர் ஒருவர் அதை வாங்கி, விரலால் மெல்லச் சுற்றி, காதோரம் வைத்துக் கேட்டார். "இதை விடச் சின்னக் கீறல் என்றால்?" என்றார். கீறலில் குண்டு இடிக்கும்போது எழும் உலோக அதிர்வு பல ஆயிரம் ஹெர்ட்ஸில் இருக்கும், எங்கள் சென்சார் அளக்கும் வேகத்தில் பாதி, அதாவது 1600 வரைக்கும்தான் பார்க்கும், அதனால் ஆரம்பக் கட்டச் சேதத்தை இதனால் பிடிக்க முடியும் என்று சொல்ல மாட்டோம் என்றேன். அடுத்த கேள்வி 73 பற்றி. அதற்கு நண்பன் பதில் சொன்னான். நன்றாகச் சொன்னான்.

முதல் பரிசு வேறு குழுவுக்குப் போனது, எங்களுக்குச் சிறப்புப் பாராட்டு. முடிவு வந்த பிறகு நடுவர்களின் குறிப்புகளைக் கேட்டு மின்னஞ்சல் அனுப்பினோம். கேட்டால் கொடுப்பார்கள் என்பது பலருக்குத் தெரிவதில்லை. மூன்று குறிப்புகள் வந்தன. அதில் ஒன்று: ஒரே பேரிங்கைக் கழற்றித் திரும்ப மாட்டினால் அதிர்வு எவ்வளவு மாறுகிறது என்று பார்த்தீர்களா?

பார்க்கவில்லை. அந்தச் சனிக்கிழமை மூவரும் லேபுக்குப் போய், ஒரே பேரிங்கை ஐந்து முறை கழற்றி மாட்டிப் பதிவு செய்தோம். 86 ஹெர்ட்ஸ் கோடு அதே இடத்தில்தான் இருந்தது, ஆனால் உயரம் ஏறக்குறைய இரண்டு மடங்கு வரை ஏறி இறங்கியது. 73 ஏன் 73 ஆக இருக்கிறது என்பதில் பாதி விடை அங்கே இருக்கலாம். அந்தப் பதிவுகளையும், மார்க்கரால் எண் போட்ட 12 பேரிங்கையும் ஜூனியர்களிடம் கொடுத்திருக்கிறேன். இந்த வருட விண்ணப்பத்தை அவர்கள் அந்த ஐந்து பதிவுகளிலிருந்துதான் தொடங்குகிறார்கள். சுருக்கத்தின் முதல் வரி நேற்று வரை மூன்று முறை மாறியிருக்கிறது.