பச்சைத் தண்ணீரில் ஒரு துளி நீலம்: இரண்டாவது சுற்று

மொய்னா என்ற சின்னஞ்சிறு நீர்த்தெள்ளுக்குத் தீனியாக மொட்டை மாடியில் பச்சைத் தண்ணீர், அதாவது நுண்பாசி நிறைந்த தண்ணீர், வளர்க்கிறேன். பாசி உயிரோடு இருக்கும்போதே, தான் வெயிலில் செய்த சர்க்கரையில் ஒரு பங்கைத் தண்ணீரில் கசியவிடுகிறது, பாக்டீரியா அதைத் தின்கிறது என்று படித்ததிலிருந்து அதை வீட்டிலேயே பார்த்துவிட வேண்டும் என்று ஒரே ஆசை. கரைந்த சர்க்கரையை அளக்க என்னிடம் கருவி இல்லை. ஆனால் பாக்டீரியா தின்னும்போது ஆக்சிஜனும் செலவாகும், ஆக்சிஜன் தீர்ந்த தண்ணீரில் மெத்திலீன் புளூ நிறம் இழந்துவிடும். மீன்தொட்டிக் கடையில் விற்கிற அதே மருந்துதான். அளவு கூடினால் பாக்டீரியாவையே கொன்றுவிடும், அதனால் பல்குச்சி நுனியில் தொட்டு வைப்பதோடு சரி.

முதல் சுற்றில் பச்சைத் தண்ணீரைத் துணியில் பிழிந்து, பாசியையும் பாக்டீரியாவையும் தடுத்து நிறுத்தும் 0.22 மைக்ரான் சிரிஞ்ச் ஃபில்டரில் பலமாக அழுத்தித் தள்ளினேன். பாக்டீரியாவுக்காகக் குளத்துத் தண்ணீர் கொஞ்சமும் மெத்திலீன் புளூவும் சேர்த்து மூடி வைத்தால் மறுநாள் காலையே நீலம் காணோம். துள்ளிக் குதித்தேன். அப்புறம் துணியில் ஒட்டியிருந்ததை நுண்ணோக்கியில் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. என் தொட்டியில் நிறைய யூக்ளினா, நீந்தித் திரியும் ஒற்றைச் செல் பச்சை உயிர், அதற்குக் கெட்டியான செல்சுவர் கிடையாது, பிழிந்ததில் பாதிக்கு மேல் வெடித்திருந்தது. பாக்டீரியா தின்றது பாசி கசியவிட்டதை இல்லை, நான் உடைத்துக் கொட்டிய உள்ளடக்கத்தை.

இரண்டாவது சுற்றில் பிழியவே இல்லை. ஜாடியைச் சுற்றிக் கறுப்புத் துணி கட்டி மேலே மட்டும் வெளிச்சம் விட்டேன். யூக்ளினா வெளிச்சத்தைத் தேடி நீந்தும், இரண்டு மணி நேரத்தில் எல்லாம் மேலே வந்து பச்சை ஏடு மாதிரி நின்றது, கனமான பாசிகள் அடியில் படிந்தன, நடுவில் இருந்த தெளிந்த தண்ணீரை ஏர் பம்ப் டியூப் வைத்து மெதுவாக இறக்கினேன். அதை ஃபில்டரில் சொட்டுச் சொட்டாக விட ஒரு மாலை முழுக்கப் போனது. குக்கரில் வேகவைத்த மூன்று சிறு பாட்டில்கள்: ஒன்றில் இந்த வடிநீரும் குளத்துத் தண்ணீர் 1 மில்லியும், இரண்டாவதில் வடிநீர் மட்டும், மூன்றாவதில் கேன் தண்ணீரும் குளத்துத் தண்ணீரும். மூன்றிலும் நீலம் தொட்டு, குமிழி இல்லாமல் விளிம்புவரை நிரப்பி, இருட்டு அலமாரியில் வைத்தாயிற்று.

மூன்றாம் நாள் முதல் பாட்டில் வெளுக்கத் தொடங்கியது. நான்காம் நாள் மாலை முழுக்கத் தெளிவு, மூடிக்குக் கீழே காற்று நுழைகிற இடத்தில் மட்டும் நூல் கனத்துக்கு ஒரு நீல வளையம். மற்ற இரண்டும் நீலமாகவே இருந்தன. 30 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 7.5 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரையும், ஏறக்குறைய அத்தனையும் அந்தப் பாட்டிலில் தீர்ந்துவிட்டது.

அதைத் திறந்து குலுக்கினால் சில நொடிகளில் நீலம் திரும்பி வந்தது! மறுபடி மூடி வைத்தேன். இந்த முறை வெளுக்க 9 நாள் ஆயிற்று. எனக்கு இந்த இடம்தான் ரொம்பப் பிடித்திருக்கிறது. குளுக்கோஸ், அமினோ அமிலம், கிளைகோலிக் அமிலம் போன்ற சிறு மூலக்கூறுகளை பாக்டீரியா நேராக உள்ளே இழுத்துக்கொள்ளும், அவை முதல் நாட்களிலேயே காலியாகிவிடும். பாசியின் வழவழப்பு நீண்ட சர்க்கரைச் சங்கிலி, அது அப்படியே உள்ளே போகாது, நொதிகளை வைத்து வெளியிலேயே துண்டு துண்டாக நறுக்கியாக வேண்டும், அதற்கு நாள் பிடிக்கும். 9 நாளுக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான் என்று நினைக்கிறேன்.

அந்த வழவழப்பைப் பார்க்கவும் முடிந்தது. அடியில் படிந்த பாசியில் ஒரு சொட்டு எடுத்து இந்தியன் இங்க் கலந்து பார்த்தால், கறுப்புப் பின்னணியில் சில பாசிகளைச் சுற்றி வெள்ளை வளையம், அதன் ஓரத்தில் புள்ளி புள்ளியாகத் துடிக்கிற பாக்டீரியா. பாசியைச் சுற்றியுள்ள இந்த எல்லைக்கு 1972இல் பெல், மிட்செல் என்ற இருவர் ஃபைக்கோஸ்பியர் என்று பெயர் வைத்தார்கள்.

முதல் பாட்டிலை மூன்றாம் முறையும் குலுக்கி மூடியிருக்கிறேன். இன்றோடு 12 நாள், இன்னும் நீலமாகத்தான் இருக்கிறது.