ஐப்பசி மழையும் எருக்குழியும்

ரெண்டு மாடு, கொஞ்சம் வைக்கோல், வரப்புப் புல். இதில் சுற்றுச்சூழலுக்கு என்ன கேடு வந்துவிடும் என்று கேட்பார்கள். தீவனத்தைப் பொறுத்தவரை பேச்சு சரிதான். காட்டுமன்னார்கோவில் பக்கத்துச் சம்பா வைக்கோல், பண்ருட்டி மணிலா (நிலக்கடலை) கொடி, நெல்லிக்குப்பம் கரும்புத் தோகை எதற்குமே தனி நிலமும் தனித் தண்ணீரும் வேண்டியதில்லை. சறுக்குவது சாணத்தில்.

கறவை மாடு ஒன்று நாளைக்கு 10 முதல் 15 கிலோ சாணம் போடும். கொட்டகைக்குப் பின்னால் பள்ளம் தோண்டி அதில் கொட்டுவதுதான் நம் வழக்கம். ஐப்பசி, கார்த்திகையில் அந்தக் குழி நிறைந்து நிற்கும். தண்ணீர் கட்டிய எருவுக்குள் காற்று போகாது, மீத்தேன் கிளம்பும். நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைவிட ஏறக்குறைய 28 மடங்கு சூடேற்றும். குழி வழிந்து கஷாய நிறத்தில் வாய்க்காலுக்குப் போவது தழைச்சத்தும் (நைட்ரஜன்) சாம்பல்சத்தும் (பொட்டாசியம்). அதைக் கோட்டைவிட்டுவிட்டுப் பிறகு யூரியா மூட்டைக்கு அலைவோம்.

பள்ளம் வேண்டாம். மேடான இடத்தில் ஒரு முழம் மண் கொட்டிக் கெட்டித்து, அதன்மேல் குவியுங்கள். மேலே தென்னங்கீற்றுக் கூரை, சுற்றிலும் சின்ன வரப்பு போதும். மாடு கழிக்கும் தழைச்சத்தில் ஏறக்குறைய பாதி கோமியத்தில்தான் இருக்கிறது. சிமெண்ட் தரையைக் கழுவிவிட்டால் அத்தனையும் சாக்கடைக்கு. காடியில் மிஞ்சின வைக்கோலை ராத்திரி மாட்டின் பின்பக்கம் பரப்பி, கோமியம் ஊறினதைக் காலையில் சாணத்தோடு அள்ளி எருக்குவியலில் போடுங்கள்.

மூன்று மாடு இருந்தால் சாண எரிவாயுக் கலன் கட்டுப்படியாகும். 1 கன மீட்டர் கலனுக்குத் தினம் 25 கிலோ சாணம், அதே அளவு தண்ணீர். குறையாமல் ஊற்றினால், 14.2 கிலோ சிலிண்டர் ஒன்றின் வேலையை ஏறக்குறைய ஒரு மாதத்தில் செய்யும். கலன் கெடுவது பெரும்பாலும் நாம் கையாளுகிற விதத்தால். மண் தரைச் சாணத்தோடு வரும் மணல் அடியில் தங்கிக் கொள்ளளவைத் தின்னும். வைக்கோல் துண்டு மேலே ஆடையாகக் கட்டி வாயுவை அடைக்கும். பினாயில் கழுவின தண்ணீர் போனால் உள்ளே இருக்கும் நுண்ணுயிர் செத்துவிடும். அடுப்புத் தீ நடுங்கினால் குழாயில் நீர் கோத்திருக்கிறது, தாழ்வான இடத்தில் வடித்துவிடுங்கள்.

தீவனத்துக்கென்று தண்ணீரில் மிதக்கவிட்டு வளர்க்கிற அசோலா என்ற சிறு பெரணிச் செடி மேல் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. ஒரு கிலோவில் 930 கிராமுக்கு மேல் தண்ணீர். மிஞ்சுவதில் புரதம் 15 கிராம் தேறினால் அதிகம். ஒரு கிலோ கடலைப்புண்ணாக்கில் 400 கிராம் வரை இருக்கும்.

இன்னொரு ஓட்டை, சினை பிடிக்காத மாடு. மாட்டு மீத்தேனில் பெரும்பகுதி ஏப்பத்தில் போகிறது. பால் வற்றி நிற்கிற மாடும் அசைபோடும், ஏப்பம் விடும். ஈத்துக்கு ஈத்து 13 மாதம் என்பது 18 ஆக நீண்டால், அந்த 5 மாத ஏப்பமும் இருக்கிற பாலின் கணக்கில்தான் ஏறும். வெறும் வைக்கோல் தின்கிற மாட்டுக்குத் தாது உப்புக் குறைந்து சினைப் பருவமே வெளியில் தெரியாமல் போகும். தினம் 50 கிராம் தாது உப்புக் கலவை கொடுங்கள். கன்று ஈன்ற 60 நாளுக்குப் பிறகு, மாட்டின் பின்புறம் கண்ணாடி போல வழும்பு காலையில் தெரிந்தால் அன்று சாயங்காலம் சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்), சாயங்காலம் தெரிந்தால் மறுநாள் காலை.