34 சதவீதத்தில் நின்ற பாட்டு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மியூசிக் பிளேயர் ஹேங் ஆனால் எடுத்த எடுப்பில் அதை அன்இன்ஸ்டால் செய்யாதீர்கள். நான் செய்தேன். ஆறு வருடமாகப் பார்த்துப் பார்த்துச் சேர்த்த பிளேலிஸ்ட்டுகள் போயின; ஹேங் மட்டும் போகவில்லை.

வேலை செய்யும்போது ஷஃபிளில் பாட்டு ஓடவிடுவது என் வழக்கம். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை, ஒரு பாட்டு முடியப் போகிற நேரத்தில் சத்தம் நிற்கும், திரை வெளிறும், மேலே 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று வரும். டாஸ்க் மேனேஜரில் 'எண்ட் டாஸ்க்' கொடுத்தால் பிளேயர் மறையும். மறுபடி திறந்தால், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதாகச் சொல்லும். 'டீடெய்ல்ஸ்' பகுதியில் போய்ப் பார்த்தால் ஆள் அங்கேயே உட்கார்ந்திருப்பார். எத்தனை முறை கொன்றாலும் சாகாது. கடைசியில் ரீஸ்டார்ட்தான். இந்தச் சாகாவரம்தான் முதல் துப்பு என்பது அப்போது உறைக்கவில்லை.

நான் பண்ணிய முதல் கூத்து, நின்ற நேரத்தில் எந்தப் பாட்டு ஓடிக்கொண்டிருந்ததோ அதையே குற்றவாளி என்று முடிவுகட்டி அழித்தது. இப்படி நாலு பாட்டு போயிற்று. நடுவில் இடைவெளி விழாமல் பாட வேண்டும் என்பதற்காக, ஓடும் பாட்டு முடிவதற்கு முன்பே பிளேயர் அடுத்த பாட்டைத் திறந்து படிக்க ஆரம்பித்துவிடும் என்பது பிறகுதான் தெரிந்தது. சிக்கல் அடுத்த பாட்டில். தண்டனை அனுபவித்தது முந்தைய பாட்டு.

சவுண்ட் டிரைவரைப் புதுப்பித்தேன், பிளகின்களை எடுத்தேன், ஹெட்செட்டைக் கழற்றிப் பார்த்தேன். பலன் இல்லை.

சரி, செய்தவர்களையே கேட்போம் என்று பிளேயரின் உதவிப் பிரிவுக்கு எழுதினேன். எப்போது நிற்கிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, என்ன பதிப்பு, எல்லாம் விவரமாக, திரைப் படத்தோடு. மூன்று நாள் கழித்து வந்த பதில்: "புதிய பதிப்பை இன்ஸ்டால் செய்து பாருங்கள்." என்னிடம் இருந்ததே புதிய பதிப்பு. அந்த எண்ணை என் கடிதத்தின் முதல் வரியிலேயே எழுதியிருந்தேன். அதைச் சுட்டிக்காட்டினேன். அடுத்த பதில்: முழுவதுமாக நீக்கிவிட்டு, அமைப்புகளையும் அழிக்கும் கட்டத்தில் டிக் போட்டு, மறுபடி இன்ஸ்டால் செய்யவும். பிளேலிஸ்ட்டை முதலில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வார்த்தை கிடையாது.

எனக்கே தோன்றி எக்ஸ்போர்ட் செய்து வைத்தேன். அங்கேதான் இரண்டாவது அடி. எம்3யு, எம்3யு8 என்று இரண்டு வகை கேட்டது. எட்டு எதற்கு என்று முதலாவதைத் தட்டிவிட்டேன். என் பாட்டுக் கோப்புகளுக்கெல்லாம் தமிழிலேயே பெயர் வைத்திருக்கிறேன். புதிதாக இன்ஸ்டால் செய்து பட்டியலைத் திறந்தால் ஒரு பாட்டுகூட இல்லை. நோட்பேடில் திறந்தேன். வரிக்கு வரி இப்படி:

டி:\????\??????? ?????.எம்பி3

விண்டோஸில் தமிழுக்கு, எல்லா மொழி எழுத்துக்கும் இடம் தரும் யூனிகோட் மட்டும்தான். பழைய ஏஎன்எஸ்ஐ குறியீடு கிடையாது. சாதா எம்3யு அந்தப் பழைய முறையில் சேமித்ததால், தெரியாத எழுத்துக்கெல்லாம் கேள்விக்குறி போட்டுவிட்டது. எம்3யு8 என்றால் யூடிஎஃப்-8, அதாவது யூனிகோடைச் சேமிக்கும் முறை. அதைத் தேர்ந்தெடுத்திருந்தால் பெயர்கள் அப்படியே இருந்திருக்கும். எக்ஸ்போர்ட் செய்த கோப்பை ஒருதரம் திறந்து பார்த்துவிட்டு அப்புறம் பிளேயரை நீக்கியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? அரை நிமிட வேலை.

இவ்வளவு இழந்த பிறகும் பிளேயர் நின்றது. ஆனால் இந்த முறை வேறு மாதிரி. புதிய பிளேயர் என்பதால் எல்லாப் பாட்டுகளையும் முதலிலிருந்து படித்துப் பட்டியல் போட ஆரம்பித்தது. 34 சதவீதத்தில் நின்றது. ரீஸ்டார்ட் செய்தேன், மறுபடி 34. மூன்றாம் முறையும் 34. அதுவரை தற்செயலாகத் தெரிந்த ஒரு கோளாறு இப்போது முகவரி சொல்லத் தொடங்கியிருந்தது. உதவிப் பிரிவு சொன்னதில் உருப்படியாகக் கிடைத்தது இது ஒன்றுதான், அதுவும் அவர்கள் அறியாமல்.

டாஸ்க் மேனேஜரைத் திறந்து, இதுவரை கவனிக்காததைக் கவனித்தேன். சிபியு 1 சதவீதம். மெமரி தாராளம். பாட்டுகள் இருக்கும் இரண்டாவது ஹார்ட் டிஸ்க் மட்டும் 100 சதவீதம், ஆனால் படிக்கும் வேகம் பூஜ்யம். அதாவது மூச்சு முட்ட உழைக்கிறது, ஒன்றையும் தூக்கித் தரவில்லை. ரிசோர்ஸ் மானிட்டரில் 'டிஸ்க்' பகுதிக்குப் போனால், எந்த நிரல் எந்தக் கோப்பைப் படிக்கிறது, எத்தனை மில்லி விநாடி ஆகிறது என்று பெயரோடு காட்டும். மற்ற வரிகளில் 10, 20 என்று இருந்தது. பிளேயர் வரியில் ஐந்து இலக்கம். பக்கத்தில் கோப்பின் பெயர். அந்தப் பாட்டை டெஸ்க்டாப்புக்கு நகலெடுக்கப் பார்த்தேன். பச்சைப் பட்டை பாதியில் நின்றது. பிளேயருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

விண்டோஸ் தன் பிழைகளைக் குறித்துவைக்கும் ஈவன்ட் வியூவரை முதல் வாரமே பார்த்தவன்தான் நான். ஆனால் 'அப்ளிகேஷன்' பகுதியை மட்டும் பார்த்தேன். அங்கே 1002 என்ற எண்ணில், நிரல் பதில் சொல்லாமல் நின்றுவிட்டது என்று இருந்தது. அது எனக்கே தெரியும். இப்போது அதே பட்டியலில் 'சிஸ்டம்' பகுதியைத் திறந்தால், 'டிஸ்க்' என்ற பெயரில் 7ஆம் எண் பிழை, 'பேட் பிளாக்' என்று சிவப்புச் சிவப்பாக, இரண்டு மாதமாக.

டிஸ்க்கில் ஒரு செக்டர், அதாவது தரவை வைக்கும் சின்னக் கட்டம், கெட்டுப்போனால், டிஸ்க் உடனே கைவிரிப்பதில்லை. திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும். அது பதில் சொல்லும்வரை பிளேயர் காத்திருக்கிறது. கேட்ட தரவு வந்து சேராமல் நிரலை முழுவதுமாக மூடவும் விண்டோஸால் முடிவதில்லை. சாகாவரத்தின் ரகசியம் இதுதான்.

டிஸ்க்கின் உடல்நிலையைச் சொல்லும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவைப் போட்டுப் பார்த்தேன். மஞ்சள் எச்சரிக்கை. 'கரன்ட் பெண்டிங் செக்டர்', அதாவது சரியாகப் படிக்க முடியாத செக்டர்களின் எண்ணிக்கை, 18 என்று இருந்தது. பதினெட்டுதானே என்று மூச்சுவிட்டேன். அது அந்த மதிப்புகளைப் பதினாறின் அடிமானத்தில் காட்டும் வழக்கம் உள்ளது; 18 என்றால் நம் கணக்கில் 24. எண்ணிக்கை எதுவானாலும், அது கூடிக்கொண்டே போனால் டிஸ்க்குக்கு விடைகொடுக்க வேண்டியதுதான். மறுநாளே கூடியது.

இங்கே ஒரு எச்சரிக்கை. இந்தக் கட்டத்தில் தேடினால் கிடைக்கிற முதல் வைத்தியம், டிஸ்க்கைச் சோதிக்கும் விண்டோஸ் கட்டளையான 'செக்டிஸ்க்', கூடவே '/ஆர்'. நானும் அடித்துவிட்டேன். டிரைவ் பயன்பாட்டில் இருக்கிறது, பிடியை விடுவிக்கவா என்று கேட்டது. அங்கேதான் விரலை எடுத்தேன். அது டிஸ்க்கை முழுக்கப் படிக்கும், மணிக்கணக்கில். ஏற்கெனவே இழுத்துக்கொண்டிருக்கும் டிஸ்க்குக்கு அந்த ஓட்டம் தாங்குமோ தாங்காதோ. முதலில் நகல், மற்றதெல்லாம் பிறகு. அந்த டிஸ்க்கில் பாட்டு மட்டுமா இருந்தது, வீட்டுப் புகைப்படங்கள் முழுவதும் இருந்தன.

எக்ஸ்ப்ளோரரில் இழுத்துப் போட்டால் கெட்ட கோப்பு வரும் ஒவ்வொரு தடவையும் நின்று கேள்வி கேட்கும். விண்டோஸோடு வரும் நகலெடுக்கும் கட்டளையான ரோபோகாப்பி மேல். ஆனால் அதை அப்படியே ஓட்டினால், ஒரு கோப்பு படிக்கவில்லையென்றால் 30 விநாடிக்கு ஒருமுறை பத்து லட்சம் தடவை முயலும். அதன் இயல்பான அமைப்பே அப்படி. '/ஆர்:1 /டபிள்யூ:1' சேர்த்துவிடுங்கள், இன்னும் ஒருமுறை முயன்றுவிட்டு நகர்ந்துவிடும். புதிய டிஸ்க்குக்கு எல்லாம் வந்து சேர்ந்தன, மூன்று பாட்டுகள் தவிர. படங்களில் ஒன்றுகூடக் குறையவில்லை. பிளேயரில் மறுபடி பட்டியல் போட்டேன். 33, 34, 35. அந்த 35-ஐப் பார்த்ததும் நாற்காலியில் இருந்து எழுந்தே விட்டேன்.

இப்போது மிச்சம் இருப்பது அந்தக் கேள்விக்குறிக் கோப்பு. அதை அழிக்கவில்லை. 'இரவு' என்ற என் பட்டியலில் 63 வரிகள். எழுத்து போனாலும் எண்ணிக்கை போகவில்லை. எழுத்துக்கு ஒரு குறி, காலுக்கும் கொம்புக்கும் புள்ளிக்கும் தனித்தனிக் குறி, சொற்களுக்கு நடுவே இடைவெளி. குறுக்கெழுத்துப் போட்டி மாதிரி எண்ணி எண்ணி, தினமும் தூங்கும் முன் ஒன்றிரண்டு கண்டுபிடிக்கிறேன். இதுவரை 41. ஏழு குறி, இடைவெளி, ஐந்து குறி என்று ஒன்று இருக்கிறது. ஒரு வாரமாகப் பிடிபடவில்லை.