கல்லறைத் திருநாள் எட்டு நாள்கள்: தீர்வையும் வேண்டுதலும்

நவம்பர் 1

அனைத்துப் புனிதர் பெருவிழா. 1331இல் இதே திருநாளில், திருத்தந்தையர் அப்போது தங்கியிருந்த அவிஞ்ஞோன் நகரில், திருத்தந்தை 22ஆம் யோவான் ஆற்றிய மறையுரை திருச்சபையையே கலக்கியது. புனிதர்களின் ஆன்மாக்கள் பொதுத்தீர்வை (உலக முடிவில் எல்லாருக்கும் கடவுள் தரும் தீர்ப்பு) வரை கடவுளை முகமுகமாய்க் காண்பதில்லை, திருவெளிப்பாடு 6:9 சொல்கிறபடி பலிபீடத்தின் கீழ் காத்திருக்கின்றன என்றார். பாரிஸ் இறையியலாளர்கள் எதிர்த்தார்கள். 1334 டிசம்பர் 3 அன்று, இறப்பதற்கு முந்தின நாள், கர்தினால்கள் முன்னிலையில் அவரே அக்கருத்தைக் கைவிட்டார். அடுத்து வந்த 12ஆம் பெனடிக்ட் 1336 ஜனவரி 29 அன்று வரையறுத்தார்: கழுவப்பட வேண்டியது ஏதுமில்லாத ஆன்மா இறந்த உடனே கடவுளைக் காண்கிறது, குறை உள்ளது உத்தரித்த (வேதனைப்பட்டுத் தூய்மையான) பிறகு காண்கிறது, சாவான (கனமான) பாவத்தோடு பிரிந்தது உடனே நரகம் சேர்கிறது. தனித்தீர்வை (இறந்ததும் ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் தீர்ப்பு) பற்றிய போதனை முழுக்க அந்த ‘உடனே’யில் நிற்கிறது.

நவம்பர் 2

கல்லறை மந்திரிக்கும் (ஆசீர்வதிக்கும்) நாள். மெழுகுதிரி ஏற்றும்போது பலர் மனதில் இருப்பது, ‘ஆண்டவர் தீர்ப்பை மாற்றிக்கொள்ள வேண்டும்’ என்ற மன்றாட்டு. ஆனால் மூச்சு நின்றபோதே தீர்வை முடிந்துவிட்டது. ஒருமுறை இறப்பு, அதன்பின் தீர்ப்பு என்கிறது எபிரேயர் 9:27; அதற்கு மறுவிசாரணை இல்லை. நம் ஜெபம் போய்ச் சேர்வது உத்தரிக்கிற ஆன்மாவுக்கு. அந்த ஆன்மா ஏற்கெனவே மீட்கப்பட்டது. நாம் சுமப்பது அதன் பாரத்தில் ஒரு பங்கு. இதைப் பங்குக் கோயில்களில் இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும்.

நவம்பர் 4

பரிபூரண பலன் பற்றி: மன்னிக்கப்பட்ட பாவத்துக்கு எஞ்சிய தண்டனை முழுவதையும் நீக்கத் திருச்சபை தரும் பலன் அது. நவம்பர் 1 முதல் 8 வரை கல்லறைத் தோட்டம் போய், மனதுக்குள்ளாவது இறந்தோருக்காக வேண்ட வேண்டும். 2ஆம் தேதி கோயிலைச் சந்தித்துப் பரலோக மந்திரமும் விசுவாசப் பிரமாணமும் சொன்னாலும் உண்டு. கூடவே பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவ அறிக்கை), நற்கருணை, திருத்தந்தையின் கருத்துகளுக்காக ஒரு பரலோக மந்திரம், ஒரு அருள்நிறைந்த மந்திரம்.

தவறுவது எங்கே? ஒரு நாளைக்கு ஒன்றுதான். ஐந்து கல்லறைக்குப் போனாலும் ஐந்து ஆகாது. ஒரு பாவசங்கீர்த்தனம் பல பலன்களுக்குப் போதும், நற்கருணையோ ஒவ்வொன்றுக்கும் தனித்தனி. இந்தப் பலனை இறந்தோருக்கு மட்டுமே ஒப்புக்கொடுக்கலாம். எல்லாவற்றிலும் கடினமானது, அற்பப் பாவத்தின் மேல்கூடப் பற்று இல்லாத மனம். கல்லறைக்கு முன் நின்றுகொண்டே சொத்துத் தகராறில் அண்ணனை மன்னிக்காதவருக்குக் கிடைப்பது குறைபலன் (தண்டனையில் ஒரு பகுதி நீங்குவது) மட்டுமே.

நவம்பர் 7

தனித்தீர்வை முடிந்தபின் பொதுத்தீர்வை எதற்கு? இறையியலாளர் புனித தாமஸ் அக்குவினாஸ் சொல்லும் காரணத்தை விடச் சிறந்ததை நான் படித்ததில்லை. மனிதன் செத்தாலும் அவன் செய்தது சாவதில்லை. இறைமகன் படைக்கப்பட்டவர் என்று போதித்த ஆரியுசின் தப்பறை (தவறான போதனை) அவனுக்குப் பிறகும் ஆளைக் கெடுக்கிறது. அப்போஸ்தலர்களின் போதனை இன்றும் விசுவாசத்தை வளர்க்கிறது. பிள்ளைகள், பெயர், அடக்கம் செய்த உடல் எல்லாம் இதில் அடக்கம். அந்தக் கணக்கு உலக முடிவில்தான் நிறைவாகும். மத்தேயு 25இன் தீர்வைக் காட்சியில் பசித்தவருக்குச் சோறு கொடுத்தோர், ‘எப்போது கொடுத்தோம்?’ என்று கேட்பது அதனால்தான்: தங்கள் செயல் எவ்வளவு தூரம் போனது என்பது அவர்களுக்கே அன்றுதான் தெரிகிறது.

நவம்பர் 8

கடைசி நாள். பாவசங்கீர்த்தனத்துக்கு நீண்ட வரிசை என்று சோர்ந்து கல்லறைக்குப் போகாமல் இருந்துவிட வேண்டாம். முன்னும் பின்னும் ஏறக்குறைய 20 நாள் இடம் உண்டு. இன்று கல்லறையில் வேண்டியவர் இம்மாதம் 28 வாக்கில் சங்கீர்த்தனம் செய்தாலும் போதும்.